பிடிக்கட்டைக்குள் இருந்த எண்

உருளையைத் திறந்து ஆறு அறைகளும் காலிதான் என்று பார்த்து மூடிவிட்டு, நெல்டா ப்ரூயிட் விசையை ஒருமுறை மெதுவாக இழுத்தாள். பாதி இழுப்பில் அவள் விரல் தயங்கி நின்றது. அந்தக் காலத்து ரிவால்வர்களில் விசை ஒன்றே எல்லா வேலையையும் செய்யும். ஒரே இழுப்பில் உருளை சுழன்று அடுத்த அறை குழலுக்கு நேராக வரும், சுத்தியல் பின்னால் போய் விழும். புதிதாக வாங்கினால் அந்த இழுப்பு மணலில் வண்டி இழுப்பது போல இருக்கும். உள்ளே ஒவ்வொரு பாகத்தையும் கல்லில் தேய்த்துத் தேய்த்து வழுக்க வைப்பவர்களுக்கு ஆளுக்கொரு கைவாகு உண்டு. இந்தத் துப்பாக்கியின் கைவாகு அவளுக்குத் தெரிந்ததாக இருந்தது. இழுப்பின் கடைசியில் ஒரு மயிரிழை சொரசொரப்பு, அதுவும் தெரிந்ததாக இருந்தது.

"என்ன தங்கச்சி, ஏதாச்சும் கோளாறா?" என்றார் வெர்லன் டாக்கெட். அவளுடைய துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வைக்கோல் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். இருபத்து நாலு வருஷம் இந்த மாவட்டத்துக்கு ஷெரீஃபாக, ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் காவல் தலைவராக, இருந்தவர். ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் ஊர் அவரை ஷெரீஃப் என்றுதான் கூப்பிடுகிறது.

"கோளாறு ஒண்ணுமில்ல ஷெரீஃப். எண்ணெய் காஞ்சு பிசினாகிக் கிடக்கு."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. கண்ணாடி மாதிரி பளபளன்னு வேணும். இரும்பு மேல இருக்கற பழைய நீலப் பூச்சை எல்லாம் சுரண்டி எறிஞ்சிட்டு புதுசா ஏத்திடு. புதுப் போலீஸ் கட்டடத்துக்கு என் பேரை வைக்கிறாங்க, தெரியுமில்ல? வாசல்லயே கண்ணாடிப் பெட்டிக்குள்ள இது இருக்கப்போகுது."

"சுரண்டினா இரும்புல குத்தின எழுத்து ஓரமெல்லாம் மழுங்கிடும். துப்பாக்கி செத்துடும்."

"செத்தா செத்துட்டுப் போகுது. அது செய்யவேண்டியதை அன்னிக்கே செஞ்சிடுச்சே!" தன் வார்த்தைக்குத் தானே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, சர்ச்சில் பேசுகிற தோரணைக்கு மாறினார். "ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, நம்ம பழைய போலீஸ் ஆளுங்க காலைச் சாப்பாட்டுல நான் பேசறேன். உங்கண்ணன் ஓரினைப் பத்தியும் ரெண்டு வார்த்தை நல்லதாவே சொல்லுவேன். பயம் யாருக்குத்தான் வராது? அவனை நான் என்னிக்கோ மன்னிச்சாச்சு."

நாற்பது வருஷமாக அவர் மன்னித்துக்கொண்டே இருக்கிறார். அதுதான் நெல்டாவால் தாங்க முடியாதது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். ஒவ்வொரு அக்டோபரிலும் அவளுடைய அண்ணன் கல்லறைக்கு அவர் பேர் போட்ட பூங்கொத்து வந்துவிடும். தேர்தல் மேடைகளில் 'என் பாவப்பட்ட நண்பன்' என்று குரல் உடைந்து பேசுவார், வாக்கு விழும்.

கதை ஊருக்கே மனப்பாடம். 1979 அக்டோபரில், தீவன மில் பாதையில், திருட்டு லாரியை மறித்த இரண்டு இளம் போலீஸ்காரர்கள். லாரியிலிருந்து இறங்கிய இருவரில் ஒருவன் சுட ஆரம்பித்தான். ஓரின் ப்ரூயிட் துப்பாக்கியை உருவினான், உருவியபடியே உறைந்து நின்றான், குண்டு பட்டு விழுந்தான். வெர்லன் டாக்கெட் தன் ஆறு குண்டுகளையும் செலுத்தி, சுட்ட திருடனைச் சாய்த்தார். மற்றவன் சோளக்காட்டுக்குள் ஓடியவன் ஓடியவன்தான், இன்றுவரை அகப்படவில்லை. ஓரினின் கையிலிருந்த துப்பாக்கியில் ஆறு தோட்டாக்களும் அப்படியே இருந்தன. சொல்வதற்கு உயிரோடு ஒரு சாட்சி இருந்ததால் வேறெதையும் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் இந்த மாவட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிற பையனை 'டேய், ப்ரூயிட் மாதிரி நிக்காதடா' என்பார்கள். சொல்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ப்ரூயிட் என்பது ஓர் ஆள் என்றே தெரியாது. நெல்டாவின் அம்மா அந்த வார்த்தையை ஒருநாள் மளிகைக் கடையில் கேட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஊருக்குள் போகவே இல்லை.

"நான் பாத்துக்கறேன் ஷெரீஃப்," என்றாள் நெல்டா. "நீங்க வர வேணாம். அந்தச் சனிக்கிழமை நானே ஹாலுக்குக் கொண்டு வரேன்."

அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைக்கதவைத் தாழிட்டாள். பட்டப்பகலில் அவள் தாழிட்டது அதுவே முதல் தடவை.

முதலில் பிடிக்கட்டை. கைப்பிடியின் இருபுறமும் வால்நட் மரத்தில் இரண்டு துண்டுகள், நடுவே ஒரே ஒரு திருகாணி. அதன் தலையைப் பார்த்ததுமே அவள் முகத்தைச் சுளித்தாள். பள்ளத்தின் இரண்டு விளிம்பும் நசுங்கிப் பிதுங்கியிருந்தன. யாரோ சில்லறைக் காசை வைத்துத் திருகியிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பசித்தால்கூடச் செய்யாத காரியம் அது. ஒவ்வொரு திருகாணிக்கும் பொருந்துகிற மாதிரித் திருப்புளியின் நுனியைத் தேய்த்துக்கொண்டுதான் தொடுவார்கள். அவளுடைய அப்பா ஹோபர்ட், கெட்ட வார்த்தையே பேசாத மனுஷர், நசுங்கிய திருகாணியைக் கண்டால் மட்டும் பேசுவார்.

வலது கட்டையைக் கழற்றித் திருப்பினாள். கம்பெனியில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதற்கென்றே மரத்தை இழைத்துப் பொருத்துவார்கள். எது எதற்கு என்று மாறிப்போகாமல் இருக்க, அந்தத் துப்பாக்கியின் எண்ணை மரத்தின் உட்புறம் குத்திவைப்பார்கள். மரத்தில் கடைசி மூன்று இலக்கம் 613. கைப்பிடி இரும்பின் அடியில் பார்த்தாள். 614.

நெல்டா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அது மாறவில்லை.

அந்த வருஷம் செப்டம்பரில் ஓரினும் வெர்லனும் ஒரே கடையில், ஒரே நாளில், அடுத்தடுத்த பெட்டிகளாக வாங்கிய துப்பாக்கிகள். அப்போதெல்லாம் அவரவர் துப்பாக்கியை அவரவர் வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். மாவட்ட அலுவலகத்தில் எண்ணைக் குறித்து வைத்தவர் யாருமில்லை. ஓரின் தன்னுடையதை அன்றைக்கே அப்பாவிடம் கொண்டுவந்தான். அப்பா அதை நெல்டாவிடம் நீட்டினார். பத்தொன்பது வயதில் அவள் முழுசாகச் செய்த முதல் வேலை. விசையைத் திரும்ப முன்னால் தள்ளுகிற சின்ன எஃகுக் கட்டையைக் கல்லில் தேய்க்கும்போது, கை வழுக்கிக் குறுக்கே ஆழமாக ஒரு கீறல் விழுந்துவிட்டது. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இனிமே உன் தப்பை உங்கண்ணன் இடுப்புல சுமக்கணும்," என்றார். ஓரின் சிரித்துக்கொண்டே, "சுமக்கிறேன், அதுக்கென்ன," என்றான். தன் துப்பாக்கி என்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பிடிக்கட்டையின் அடியில் கத்தியால் மூன்று கோடு போட்டுக்கொண்டான்.

பக்கத் தகட்டைக் கழற்றினாள். பிசினான எண்ணெய்க்கு அடியில் அந்தக் கீறல் இருந்தது. நெல்டா அதை விரல் நகத்தால் தடவிப் பார்த்தாள்.

ஆறு குண்டும் சுட்டது இந்தத் துப்பாக்கி. இது ஓரினுடையது, சுட்டதும் ஓரின்தான். அண்ணன் மண்ணில் கிடக்க, சாலையோரப் பள்ளத்தில் ஒளிந்திருந்த வெர்லன் எழுந்து வந்திருக்கிறான். சுடாத தன் துப்பாக்கியைச் செத்தவன் கையில் வைத்துவிட்டு, சூடு ஆறாத இதை எடுத்துக்கொண்டிருக்கிறான். மூன்று கோடு போட்ட பிடிக்கட்டை காட்டிக்கொடுத்துவிடுமே என்று, அங்கேயே உட்கார்ந்து, ஓரின் பக்கத்தில் கிடக்கும்போதே, சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டியிருக்கிறான். மரத்துக்குள் எண் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. துப்பாக்கியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதவன். நாற்பது வருஷம் கூடவே வைத்திருந்தும் ஒரு நாள் கழற்றிப் பார்க்காதவன். அதற்கப்புறம் நெல்டாவின் மனசில்கூட வெர்லன் 'அவர்' இல்லை.

 அவனைக் கொல்ல வேண்டும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஓரினின் துப்பாக்கியாலேயே, தீவன மில் பாதையிலேயே. பிறகு அது சின்னதாகத் தெரிந்தது. அவன் செத்துப்போனால் மாவட்டமே கொடியை இறக்கி அழும், அண்ணன் பேர் 'உறைந்து நின்றவன்' என்றேதான் நிற்கும். பத்திரிகைக்குச் சொன்னால், வயசான தங்கச்சி ஏதோ சொல்கிறாள் என்று நாலாம் பக்கத்தில் போடுவார்கள். கையில் இருப்பது ஒரே ஒரு துப்பாக்கிதான், மரம் எப்போதோ மாறியிருக்கும் என்று அவன் சொன்னால் என்ன செய்ய முடியும்? அவளுக்கு வேண்டியது அவன் முகம். அந்த முகம் மாறுவதை, மாற்றிச் சொல்ல முடியாத ஆட்கள் முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலையில் டாய்ல் ஹஃப்மன் வழக்கம்போல் வந்து தன் கோப்பையில் தானே காப்பி ஊற்றிக்கொண்டார். அவரும் அந்தக் காலத்துப் போலீஸ்காரர். எழுபத்தோரு வயது, இரண்டு முழங்கால்களும் செயற்கை, வாய் மட்டும் சொந்தம்.

"டாய்ல், அந்தக் காலத்துல ஓரின் சுட்டுப் பழகுவானே, எங்க?"

"கல் குவாரியில. டெய்லி டியூட்டி முடிஞ்சதும் என்னையும் இழுத்துட்டுப் போவான். ஒரு மாசத்துல முந்நூறு தோட்டா சுட்டிருப்பான். உங்கப்பன் நிரப்பிக் குடுத்த தோட்டா. அவ்ளோ பழகினவன் கடைசியில..." நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கோ."

"வெர்லன் வருவாரா?"

"அவனா! புதுத் துப்பாக்கியில அழுக்குப் படும்னு இடுப்புல கட்டிக்கிட்டுத் திரிவானே ஒழிய, ஒரு தோட்டா சுட மாட்டான். குறி பாத்துச் சுடற சோதனைக்குக்கூடப் பழைய துப்பாக்கியத்தான் கொண்டு வந்தான். கல்யாணப் பொண்ணு மாதிரி வெச்சிருந்தான்." சிரித்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். "ஏன் கேக்கற?"

"சும்மா. இன்னொரு காப்பி ஊத்திக்கோங்க."

மூன்று வாரம் அவள் வேறு வேலை எதையும் தொடவில்லை. பாகம் பாகமாகப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். உருளையைச் சுழற்றும் சிறு நெம்பு தேய்ந்து, அறை குழலுக்கு நேராக வருமுன்பே சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது. அந்த நெம்பை அணு அணுவாகத் தட்டி நீட்டி, நேரத்தைச் சரிக்கட்டினாள். முன்னும் பின்னும் ஆடிய உருளைக்கு மெல்லிய வளையம் செய்து போட்டாள். சண்டைக்கென்றே செய்த துப்பாக்கி அது, அலங்காரம் எதுவுமில்லை. குறிபார்க்கும் பள்ளம்கூட இரும்பிலேயே வெட்டியது, உறையில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். நீலத்தை அவள் தொடவே இல்லை. உறை உரசி வெளுத்த இடங்களை எண்ணெய்த் துணியால் துடைத்ததோடு சரி. கீறலையும் தேய்க்கவில்லை. எல்லாம் மாட்டி விசையை இழுத்தபோது, இழுப்பு தேனில் கரண்டி போவது போல் போயிற்று, கடைசியில் அந்த மயிரிழைச் சொரசொரப்பு. அழுகை வந்தது. அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், வேலையைப் பார்த்தாள்.

மேல் அலமாரியில் இன்னொன்று இருந்தது. ஓரினின் பொருள் என்று மாவட்டத்திலிருந்து அனுப்பிய பழுப்புக் காகித உறை. வாயில் ஒட்டிய நாடாவின் மேல் தேதியும், உறையை மூடியவரின் கையெழுத்தும்: வெர்லன் டாக்கெட். ஊரில் யார் வீட்டுத் துப்பாக்கியையும் திறந்து பார்க்கும் அப்பா, அதை மட்டும் திறக்கவில்லை. ஒரு குண்டுகூடச் சுடாத மகனின் துப்பாக்கியைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. சாகும்போதும் நெல்டாவின் கையைப் பிடித்து, "அதைத் திறக்காதே," என்றுதான் சொன்னார். திறந்திருந்தால் ஒரே இழுப்பில் தெரிந்திருக்கும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அப்பாவின் மேல் இத்தனை கோபம் தனக்குள் இருக்கிறது என்று நெல்டாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. உறையைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தாள். உள்ளே வேறேதாவது இருந்துவிட்டால், தான் நினைத்ததெல்லாம் பொய்யாகிவிட்டால், அண்ணனுக்கு இரண்டாவது சாவு. ஆனாலும் திறக்கவில்லை. திறந்து வைத்த உறை எதற்கும் உதவாது என்று போலீஸ்காரன் தங்கச்சிக்குத் தெரியும்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை முன்னாள் படைவீரர்களின் லீஜன் ஹாலில் பதினேழு கிழட்டுப் போலீஸ்காரர்கள். பிஸ்கட் ரொட்டியும் மிளகுக் குழம்பும் வறுத்த பன்றி இறைச்சியும் மணக்க மணக்க மேஜையில் இருந்தன. வெர்லன் புதுச் சட்டையில், கழுத்தில் கயிற்று டை கட்டி, நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான். நெல்டா துணியைப் பிரித்துத் துப்பாக்கியை வைத்ததும் அவன் முகம் சுருங்கியது.

"என்ன தங்கச்சி, பளபளப்பையே காணோம்?"

"எல்லாரும் பாக்கட்டும் ஷெரீஃப். அப்புறம் சொல்லுங்க."

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கி வந்தால் மேஜையைச் சுற்றி வரும். கை மாறும் ஒவ்வொரு முறையும் உருளையைத் திறந்து, காலி என்று பார்த்து, விசையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவனுக்குத் தருவார்கள். சுற்றி வந்தது. இழுத்தவன் ஒவ்வொருவனும் புருவத்தைத் தூக்கினான்.

"ஏ அப்பா! வெண்ணெய் மாதிரி போகுதே. இது ஹோபர்ட் வீட்டு வேலை இல்ல?" என்றார் ஒருவர்.

"ஆமா, நான் செஞ்சது," என்றாள் நெல்டா. "இப்ப இல்ல, எழுபத்தொம்போதுல. நான் பத்தொம்போது வயசு வரைக்கும் மொத்தமா செஞ்சது ஒரே துப்பாக்கிதான். எங்கண்ணனுக்கு."

 வெர்லன் சிரிக்கப் பார்த்தான். "உங்கப்பன் எனக்கும் செஞ்சு குடுத்தாரும்மா. உனக்கு ஞாபகமில்ல."

"இருக்கலாம்," என்றாள். அவனுடைய துப்பாக்கியின் வலது கட்டையைத் திருப்புளியால் அங்கேயே கழற்றி, துப்பாக்கியோடு டாய்லிடம் நீட்டினாள். "மரத்துல என்ன எண்? இரும்புல என்ன எண்?"

டாய்ல் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். "மரத்துல அறுநூத்திப் பதிமூணு. இரும்புல... பதினாலு." இன்னொரு தரம் பார்த்தார். "பதினாலு."

நெல்டா பையிலிருந்து பழுப்பு உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "நாடா மேல யார் கையெழுத்துன்னு சொல்லிட்டுத் திறங்க டாய்ல்."

"நில்லுங்க," என்றான் வெர்லன். "அது தடயம். சட்டப்படி அதைத் தொடக்கூடாது. செத்தவனோட பொருளை இப்படியா தங்கச்சி, சாப்பிடற எடத்துல..."

"வழக்கு மூடி நாப்பது வருஷமாச்சு வெர்லன்," என்றார் டாய்ல். நாடாவை எல்லாருக்கும் காட்டினார். பிறகு தன் பேனாக்கத்தியால் கிழித்தார். 

ரிவால்வர் மேஜையில் சரிந்து விழுந்தது. பிடிக்கட்டையின் அடியில் மூன்று கோடு. டாய்ல் உருளையைத் திறந்து காலி என்று பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார், மூடினார், விசையை இழுத்தார். மணலில் வண்டி இழுப்பது போன்ற இழுப்பு, மேஜையில் எல்லார் காதிலும் விழுந்தது. கைப்பிடியின் அடியைத் திருப்பினார். "இரும்புல பதிமூணு," என்றார். அவர் குரல் மாறிவிட்டது. "இது சுட்ட துப்பாக்கி இல்ல. உருளையைச் சுத்தி விழற கோடுகூட இல்ல. புத்தம் புதுசு. ஓரின் கூட ஒரு மாசம் குவாரியில நின்னவன் நான். முந்நூறு தோட்டா. என் பக்கத்துல நின்னு சுட்டான்." மேஜைக்கு எதிரே இருந்த வெர்லனைப் பார்த்தார். "புதுசா வெச்சிருந்தவன் நீ ஒருத்தன்தான்டா."

 வெர்லன் தண்ணீர் டம்ளரை எடுத்தான், குடிக்காமலே வைத்தான். "எனக்கு ஒண்ணும் புரியல," என்றான். "கம்பெனியிலயே மாறியிருக்கும். நடக்கிறதுதானே."

நெல்டா இதற்காகத்தான் மூன்று வாரம் காத்திருந்தாள். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். உடம்பெல்லாம் சூடாக, வெட்கமில்லாத சந்தோஷம். அவள் கவுன் பையிலிருந்து பத்து சென்ட் காசு ஒன்றை எடுத்து, அவன் தட்டின் ஓரமாக வைத்தாள்.

"இதோட கட்டைக்குள்ள பதினாலு இருக்கா இல்லையான்னு பாத்துடலாம்," என்றாள். "நீயே கழட்டு வெர்லன். என் கைக்குத் திருப்புளி வேணும். உனக்குத்தான் இதுவே போதுமே."

நாற்பது வருஷத்தில் அவள் அவனை 'நீ' என்றது அன்றுதான். பழுப்பு உறையிலிருந்து வந்த துப்பாக்கியை அவன் முன்னால் தள்ளினாள். அதன் திருகாணித் தலையும் விளிம்பு நசுங்கி, பிதுங்கி இருந்தது.

வெர்லன் மறுத்திருக்கலாம். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கலாம். பதினாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூடத் தட்டைத் தொடவில்லை. அவன் கை மேஜையில் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு, தனக்குச் சம்பந்தமில்லாதது போல, அது காசை எடுத்தது. இடது கையால் துப்பாக்கியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, காசைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திருப்பி நிறுத்தினான். கண் அதன் பக்கம் போகவே இல்லை, நெல்டாவையே பார்த்துக்கொண்டிருந்தான். தடவித் தேடாமலே காசு நேரே அந்தத் திருகாணிப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.